நாற்பதாவது நியூத்திரன்

அகீலா, இறந்த அம்மாவின் வாயருகே வாய்க்கரிசியைப் போட்டபோது பாதி கழுத்துப் பக்கம் சிந்திவிட்டது. தங்கை மிதுனா குனிந்து ஒவ்வொரு மணியாகப் பொறுக்கினாள். வெள்ளவத்தைத் தொடர்மாடியின் லிஃப்டுக்குள் சவப்பெட்டி ஏறாததால், கீழே கார் விடும் இடத்தில்தான் கிரியை நடந்தது.

"திங்கட்கிழமையே மூச்சு இழுக்கத் தொடங்கிட்டுது, அக்கா," என்றாள் மிதுனா. "நான் உங்களுக்குப் போன் எடுக்க வெளிக்கிட்டனான். அம்மா விடேல்லை."

"ஏன்?"

"மெஷின் ஓடேக்க வெளியில இருந்து போன் வந்தா அணுவெல்லாம் குழம்பிப்போகும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். வியாழன் மெஷின் நிக்கட்டும் எண்டவ. புதன் விடியப் போயிட்டா. பிறகும் நான் வியாழன் வரைக்கும் பொறுத்துத்தான் எடுத்தனான்."

அணு குழம்பும் என்றது பச்சைப் பொய். நாலு வருடத்துக்கு முன், ஜப்பானில் முதல் பரிசோதனை நடந்தபோது, அம்மா நாளுக்கு ஆறு தடவை போன் எடுத்து, சாப்பிட்டியோ என்று கேட்டதில் எரிச்சல் பிடித்து அகீலா அவிழ்த்துவிட்டது. கட்டுப்பாட்டு அறையில் ஆளுக்கு ரெண்டு போன் இருந்தது. இந்தப் புதன்கிழமைகூட அவள் அங்கே உட்கார்ந்து, யாரோ றால் பொரிக்கும் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். நினைக்கவே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

இந்தமுறை தேடியது, நியூத்திரன் அளவுமீறி ஏறிய ஒரு கல்சிய அணுக்கருவை. நியூத்திரன்கள் மாடி மாடியாகக் குடியேறும். ஒரு மாடி சரியாக நிரம்பினால் கரு உறுதியாக நிற்கும். நாற்பதோடு ஒரு மாடி நிரம்புகிறதா என்பதுதான் கேள்வி. கண்மூடித் திறக்குமுன் சிதைந்துவிடுகிற கரு அது. ஐந்து நாளில் பதினொன்று அகப்பட்டது. அம்மா ஆயிரம் தடவை போன் எடுத்திருந்தாலும் அந்தப் பதினொன்றும் அகப்பட்டிருக்கும்.

கிரியை முடிந்து ஆண்கள் பெட்டியோடு கனத்தை மயானத்துக்குப் புறப்பட்டார்கள். பெண்கள் வழக்கப்படி கேற்றோடு நின்றுவிட்டார்கள்.

அது பொய் என்று இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று அகீலா நினைத்தாள்.

"மிதுனா, அந்த மெஷின் இருக்கெல்லே..."

"ஏனக்கா, பழுதாப்போச்சோ?" மிதுனாவின் முகம் வெளிறிவிட்டது. "நான் புதன் ஒருக்காலும் எடுக்கேல்லை. சத்தியமா."

"இல்லை. நல்லா ஓடினது."

"அது காணும், வேறை என்ன வேணும். மாடி நிரம்பிட்டுதோ, நிரம்பிட்டுதோ எண்டு அம்மா கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டு கிடந்தவ."

அகீலாவின் கைப்பையில் போன் அடித்தது. ஜப்பானிலிருந்து, கூட வேலை செய்பவர். அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எடுங்கோ," என்றாள் மிதுனா. "மெஷின் ஆக்களாயிருக்கும். திரும்ப ஓடுதோ தெரியாது."

துக்கம் விசாரிப்பவர்களுக்காக மிதுனா அம்மாவின் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். அதை அணைத்தாள். பிறகு தன்னுடையதை அணைத்தாள். கேற்றடியில் நின்ற இரண்டாம் மாடி அயல்காரி றுஷ்னா, மெஷின் கதையை அம்மாவிடமே கேட்டிருந்தவள்; அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் தன் போனையும் அணைத்து, முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.