குண்டூசி ஏறிய பஸ்

“யானை எப்படிம்மா பஸ்ல ஏறும்?” என்று கேட்டார் வெங்கடகிருஷ்ணன். கேலியாகக் கேட்டிருந்தாலாவது மன்னித்திருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற முகத்தோடு கேட்டார். எனக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அவர் எங்கள் காலனித் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். இந்தத் தெலுங்குச் சீமையில், பாலாநகரில் என் வீட்டுக்காரர் ஜகதீசன் வேலை பார்க்கும் அதே தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருபது வருஷ சர்வீஸ். அவர் கையெழுத்து இல்லாமல் அங்கே ஒரு திருகாணிகூட வெளியே போகாதாம். சங்கத்திலும் அதே கதைதான். பிரதி எடுக்கும் சைக்ளோஸ்டைல் மிஷின், தாள், மை எல்லாம் சங்கத்துடையவை. ஆகவே நான் வரைந்த படப்புத்தகத்தின் முதல் பிரதி அவருடைய சிவப்புப் பென்சிலுக்குத் தப்ப முடியாது.

படப்புத்தகம் யாருக்கு? என் மகன் வாசுவுக்கு. ஏழு வயது. நான் பேசும் தமிழ் அவனுக்குப் புரியும். பதில் மட்டும் ஹிந்தியில் வரும், இல்லாவிட்டால் தெலுங்கில். ஞாயிற்றுக்கிழமை நான் எடுக்கும் தமிழ் வகுப்புக்குக் கூப்பிட்டால் “நக்கோ மா”, வேண்டாமாம், என்று கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். எழுத்துகளை மட்டும் எப்படியோ கற்றுக்கொடுத்திருந்தேன்; கூட்டி வாசிக்கமாட்டான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. சங்கம் வாங்கி வைத்திருந்த பாடப்புத்தகத்தில் ஆடு சும்மா நிற்கும், இலை சும்மா தொங்கும். எந்தப் பிள்ளைக்குப் படிக்கத் தோன்றும்?

அதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் ஒன்று எனக்கு இருந்தது. திருநெல்வேலியில் இந்தப் பகவதி வாயைத் திறந்தால் தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். இங்கே நான் பெற்ற பிள்ளை, நான் ஒரு வேடிக்கை சொன்னால், “கைக்கு மா?”, எதுக்காம், என்று முழிக்கிறான். விளக்கிச் சொன்ன பிறகு எவனுக்குச் சிரிப்பு வரும்? கூட்டாளிகளோடு வாசலில் உருண்டு உருண்டு சிரிக்கிறான். அதில் பாதி எனக்குப் புரிவதில்லை. என் பிள்ளையோடு சேர்ந்து ஒரே ஒரு தடவை சிரிக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பாடெல்லாம்.

எட்டுப் பக்கம் வரைந்தேன். குண்டூசி என்று ஒரு யானை. வெண்டைக்காய் வாங்குவதற்காக டவுன் பஸ் ஏறி போவன்பள்ளி மார்க்கெட்டுக்குப் போகிறது. கடைசி ஸீட்டில் அது உட்கார்ந்ததும் பஸ்ஸின் முன்பக்கம் தூக்கிக்கொள்ள, டிரைவர் ஆகாயத்தில் தொங்குகிறார். மார்க்கெட்டில் ஒரே ஒரு வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து, முற்றல் என்று சண்டை போடுகிறது. பக்கத்துக்கு ஒரே வரி, பெரிய எழுத்து.

நாலு நாள் கழித்துத் தாள்கள் திரும்பி வந்தன. ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் சிவப்பு. முத்து முத்தான கையெழுத்து, அதையும் சொல்ல வேண்டும்.

“குண்டூசி என்ற பெயர் உருவத்துக்குப் பொருந்தவில்லை. மாற்றவும்.”

“பஸ் படியின் அகலம் இரண்டடி. யானையின் அகலம் என்ன? அளந்து வரையவும்.”

“யானைக்கு முழு டிக்கெட்டா, அரை டிக்கெட்டா? தெளிவில்லை.”

“டிரைவர் ஆகாயத்தில் இருந்தால் பிரேக் யார் பிடிப்பது?”

தாள்களை எடுத்துக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

“சார், இது பிள்ளைங்க சிரிக்கதுக்காக வரைஞ்சது.”

“சிரிக்கட்டும்மா, நான் வேண்டாங்கலையே. ஆனா தப்பான விஷயத்துக்கு ஏன் சிரிக்கணும்? நாளைக்கு யானை பஸ்ல போகும்னு குழந்தைகள் நம்பிட்டா?”

“நம்பினா என்ன சார் முழுகிப்போகும்?”

“சரி பண்ணிக் கொடுங்கோ, உடனே கையெழுத்துப் போடறேன்.” அவ்வளவுதான். மனிதர் கோபப்படவும் மாட்டார், இறங்கி வரவும் மாட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் ஜகதீசனிடம் கத்தினேன். “அவர் ஃபேக்டரியிலயும் இப்படித்தான், பகவதி” என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரை விரித்துக்கொண்டார். பெரிய ஆறுதல்!

வேறு வழி? திருத்தினேன். யானைக்கு லட்சுமி என்று பெயர் வைத்தேன். அது மார்க்கெட்டுக்கு நடந்து போனது, காய்கறி வாங்கியது, நடந்து வந்தது. கடைசிப் பக்கத்தில் “காய்கறி உடலுக்கு நல்லது” என்று அவரே ஒரு வரி சேர்த்தார். வரைந்து முடித்தபோது அழுகையாக வந்தது. சிவப்புக் குறிப்பெழுதிய தாள்களைக் கசக்கிப் பழைய பேப்பர்க் கட்டுக்குள் திணித்தேன்.

வெளியீட்டு விழா ஞாயிற்றுக்கிழமை காலை. பதினோரு பிள்ளைகள். கடலை மிட்டாய் தருவதாக ஆசை காட்டி வாசுவையும் இழுத்து வந்திருந்தேன். வெங்கடகிருஷ்ணன் இஸ்திரி போட்ட சட்டையோடு முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் லட்சுமியை வாசித்தேன். ஒரு பிள்ளை கொட்டாவி விட்டது, இன்னொன்று மின்விசிறியைப் பார்த்தது. “அமைதியா கேக்கறாங்களே, நல்ல புத்தகம்” என்றார் அவர். எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

அப்போது பின்வரிசையில் களுக்கென்று ஒரு சிரிப்பு. வாசுதான். நாலைந்து தலைகள் அவனைச் சுற்றிக் குனிந்திருந்தன. நடுவில், கசங்கிய சிவப்புத் தாள்கள். பேப்பர்க் கட்டுக்குள்ளிருந்து உருவிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்திருக்கிறான்.

“என்னலே அது? எந்திரிச்சு வாசி!” என்று அதட்டினேன். அவமானத்தில் வந்த அதட்டல். அவன் வாசிப்பான் என்று நான் நினைக்கவே இல்லை.

எழுந்தான். படத்தைப் பார்த்தான், எழுத்தின்மேல் விரலை வைத்தான். “டி...ரை...வர். ஆ...கா...யத்தில். இருந்...தால்...” ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினான். “பிரேக். யார். பிடிப்பது!” முடித்ததும் அவனே விழுந்து விழுந்து சிரித்தான். பதினோரு பிள்ளைகளும் கூரை அதிரச் சிரித்தார்கள். “இன்னொண்ணு, இன்னொண்ணு!” என்று தாளுக்கு அடிபிடி.

வெங்கடகிருஷ்ணனுக்கு முதலில் முகம் சிவந்தது. வாசு அவரிடமே போய், “அங்கிள், ஆப் லிக்கே?” என்று, எழுதியது அவர்தானா எனக் கேட்டான். அவர் தலையாட்டினார். “பஹுத் ஜோக் அங்கிள்!” என்றான். மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. என்னைப் பார்த்து, “அடுத்த புத்தகத்துல என் குறிப்பையும் சேர்த்தே அச்சடிச்சுடலாம்மா. ‘நகைச்சுவை: வெங்கடகிருஷ்ணன்’னு அட்டையில போடுங்கோ” என்றார்.

பாவி மனுஷன்! சோறு ஆக்கியவள் நான், பேர் அவருக்கு. பெற்ற பிள்ளைகூட அவர் எழுத்துக்குத்தானே சிரித்தான்? வாசுவின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வெயிலில் நடந்தேன். அவன் தாளைப் பார்த்தபடியே தடுக்கித் தடுக்கி வந்தான். தண்ணீர் டாங்க் பக்கத்தில் நின்றுவிட்டான்.

“அம்மா,” என்றான். “அப்போ பிரேக் யாரு பிடிச்சது?”

தமிழில் கேட்டான். அது எனக்கு உறைக்கவே ஒரு நிமிஷம் ஆயிற்று.

“யாரும் பிடிக்கலலே,” என்றேன், கோபம் தீராமலே. “கண்டக்டரு பெல் கயிறுன்னு நெனச்சு யானை வாலைப் பிடிச்சு இழுத்துட்டாரு. பஸ்ஸு நின்னுட்டு.”

முகத்தைச் சுருக்கி ஒரு கணம் யோசித்தான். பிறகு நடுரோட்டில் அப்படியே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.