அறுவைக்கு முன் ஒரு மாதம்

நசீருதீனுக்குப் பெருங்குடலில் புற்றுநோய். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. திருமுடிவாக்கத்து லேத் பட்டறையை அஸ்தினாபுரம் வீட்டிலிருந்தே போனில் நடத்திக்கொண்டிருந்தார்.

மயக்க மருந்து டாக்டர் ஜீவிதா எல்லோரிடமும் கேட்பதையே அவரிடமும் கேட்டார்.

"மாடி ஏறினா மூச்சு வாங்குதா? நெஞ்சு வலி?"

"அதெல்லாம் இல்ல டாக்டர்."

பக்கத்தில் இருந்த மனைவி சித்திகா குறுக்கிட்டாள். "பொய் சொல்றாரு டாக்டர். தண்ணி கேன் தூக்கினாலே நெஞ்சைப் பிடிச்சிக்கினு உக்காந்துடறாரு."

ஜீவிதா எடுக்கச் சொன்ன ஆஞ்சியோகிராமில், இதயத்தின் முக்கியமான ரத்தக்குழாய் ஒன்றில் பெரிய அடைப்பு தெரிந்தது. அப்படியே அறுவை செய்தால் மேஜையிலேயே மாரடைப்பு வரலாம் என்றார் இதய டாக்டர் சம்பத். அடைப்பை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் வைத்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரைகள் சாப்பிட வேண்டும்; அவற்றோடு குடலில் கத்தி வைக்க முடியாது. ஸ்டென்ட் வைத்து, ஒரு மாதம் கழித்து ஒரு மாத்திரையை நிறுத்திவிட்டு அறுவை என்று முடிவானது.

ஆட்டோவில் நசீருதீன் கேட்டார். "உன்னை யாரு சொல்லச் சொன்னா? வயித்துல இருக்கறது ஒரு மாசம் சும்மா இருக்குமா?"

"ஆபரேஷன்லயே போயிட்டீங்கன்னா?"

அதன்பிறகு அவர் அவளிடம் அதிகம் பேசவில்லை. அவள் நீட்டிய மாத்திரைகளை மட்டும் வாங்கி விழுங்கினார். அந்த மாதத்தின் நடுவில், அந்த மாத்திரைகளால் குடல் கட்டியிலிருந்து ரத்தம் போய், ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. தான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் கட்டியை எடுத்திருப்பார்களே என்று வெளியே உட்கார்ந்திருந்த சித்திகா நினைத்தாள்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. இதயம் தொந்தரவு கொடுக்கவில்லை. ஆனால் குடலுக்குப் பக்கத்து நிணநீர் முடிச்சு ஒன்றுக்குப் புற்று பரவியிருப்பது பரிசோதனையில் தெரிந்தது. கீமோ தேவை என்றார்கள்.

சித்திகா சம்பத்திடம் தனியாகப் போய்க் கேட்டாள். "அந்த ஒரு மாசம் தள்ளாம இருந்திருந்தா, டாக்டர்?"

"சொல்ல முடியாதும்மா. முன்னாடியே பரவியிருக்கலாம்."

"பரவாமலும் இருந்திருக்கலாம் இல்ல?"

"இருந்திருக்கலாம்."

அதை அப்படியே வந்து கணவரிடம் சொன்னாள்.

"அதைப் போய் ஏன் கேட்ட?"

"தெரிஞ்சிக்கணும்னு தோணுச்சு."

"தெரிஞ்சுதா?"

"இல்ல."

அவர் கட்டிலில் நகர்ந்து இடம் விட்டார். "உக்காரு. காலைலேர்ந்து நின்னுக்கினே இருக்க."

கீமோ தொடங்கியது. அந்த மருந்து இதயத்தையும் படுத்தக்கூடும் என்பதால் முதல் நாள் மானிட்டர் மாட்டி வைத்திருந்தார்கள். நெஞ்சு வலி எதுவும் வரவில்லை. சாயங்காலம் இருவரும் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனார்கள்.