ஓம் சொன்னவரின் கதிரை

1

இந்தக் கதை கொக்குவிலில், தலைகீழாக நிறுத்திய ஒரு சைக்கிளில் பிறந்தது. யாழ்ப்பாணத்தில் சண்டையால் கரண்ட் போய் மூன்றாவது வருடம். பக்கத்து வீட்டுப் பரமலிங்கம் பெடலைக் கையால் சுற்றினால் டைனமோ ரேடியோவுக்கு உயிர் கொடுக்கும். நாட்டின் தலைவர் இறந்தார், துணைத் தலைவர் பதவியேற்றார் என்றது செய்தி. எப்படி இறந்தார் என்று சொல்லமுதல் பரமலிங்கத்துக்குக் கை உளைந்துவிட்டது.

ஆகவே அவரை நானே கொல்லவேண்டியதாயிற்று. பலாக்கொட்டை தொண்டையில் அடைத்தது. (எழுதுகிறவன் கொன்றால் விசாரணைக் கமிஷன் கிடையாது.)

2

தொடக்கம் ஒன்று: செய்தி வந்தபோது துணைத் தலைவர் ஒரு கன்னத்தை மட்டும் சவரம் செய்திருந்தார். அந்தக் கோலத்திலேயே அவரைக் காரில்

வேண்டாம். அந்த ஆளில் எனக்கு இரக்கம் வந்துவிடும்.

தொடக்கம் இரண்டு: காலமெல்லாம் நாடா வெட்டியும் மாலை வாங்கியும் வாழ்ந்த மனிதர் அன்றுதான் அந்தக் கதிரையில் இருந்தார். கால் நிலத்தில் முட்டவில்லை. முந்தியவர் நெட்டை. ஆகவே அவர்

இந்த இடத்தில் லூர்த்தம்மா வந்தாள்.

3

லூர்த்தம்மா குருநகர்க்காரி, கடற்தொழில் குடும்பம். ஷெல்லடிக்குத் தப்பி வந்து எங்கள் வளவில் கொட்டில் போட்டிருக்கிறாள். மகன் சிமியோன் தெற்கில் ஒரு சிறையில், மறியலில். விசாரணையும் இல்லை, தீர்ப்பும் இல்லை. போன மாதம் அவளுடைய கோயில் பாதர் ஒருவர் தலைவரை நேரில் கண்டு மன்றாட, "ஓம், விடுறன்" என்று சம்மதித்தாராம். ஓம் சொன்ன வாய்தான் இப்போது மூடிவிட்டது.

அழுவாள் என்று நினைத்தேன். அவள் மகனின் சேட்டு ஒன்றைத் தோய்த்துக் கொடியில் போட்டாள்.

"என்ன ஐயா, உப்பிடிப் பாக்கிறியள்?"

"ஓம் சொன்ன ஆள் செத்துப்போனார், லூர்த்தம்மா."

"அதுக்கென்ன? நடுக்கடலிலை சுக்கான் பிடிக்கிறவர் விழுந்தா பக்கத்திலை இருக்கிறவன் பிடிப்பான். பிடிச்சவன், முந்தினவர் ஏத்தின எல்லாரையும் கரையிலை இறக்கவேணும். பிறகுதான் தன்ரை தொழில். எங்கடை மனுசனும் அப்பிடித்தான் சுக்கான் எடுத்தவர்."

பரமலிங்கம் சைக்கிளை நிமிர்த்தினான். "புதுசா வந்தவருக்கு நீந்தவாவது தெரியுமோ அக்கா?"

"தெரியாட்டித்தான் நல்லது. நீந்தத் தெரிஞ்சவன் சுக்கானை விட்டிட்டுப் பாஞ்சிடுவான்."

(அடிக்குறிப்பு: பனையேறும் முதலை இருக்கிறது என்று சாவகச்சேரிச் சந்தையையே நம்பவைத்தவன் நான். இவளுடைய நம்பிக்கையைக் கலைக்க எனக்கு ஒரு சொல் அகப்படவில்லை. தலைவரின் மாளிகையில் ஒருவருக்கும் கடல் வழக்கம் தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.)

4

முடிவுகள்.

அ) புதிய தலைவர் கையெழுத்திடுகிறார். சிமியோன் தெற்கிலிருந்து வந்து கிளாலியில் வள்ளத்தால் இறங்குகிறான். (கிழித்துவிட்டேன். இதை வாசித்துக் காட்டினால் அவள் நாளைக்கே கிளாலிக்கரையில் போய் நிற்பாள். அங்கே கடற்படை சுடுகிறது.)

ஆ) புதிய தலைவர் பாதரிடம், "அவர் சொன்னது அவரோடை போச்சு" என்கிறார். (இதுதான் நடக்கும். வாசித்துக் காட்ட எனக்கு வாய் வராது.)

இ) சிமியோன் ஏற்கெனவே

இல்லை.

"ஐயா, உந்தக் கதையிலை என்ரை பொடியன் வாறானோ?"

"இன்னும் எழுதேல்லை."

"எழுதேக்கை அவனை நடக்க விடாதேங்கோ. பஸ்ஸிலை ஏத்திவிடுங்கோ. களைச்சுப்போயிருப்பான்."

5

எனக்கு ஏலாது. பதவி விலகுகிறேன்.

வாசகரே, எனக்கு அடுத்த ஆள் நீங்கள்தான். கேட்காமலே வந்து விழுந்த பதவி, தெரியும். பேனை மேசையில் இருக்கிறது. நான் ஏற்றிய ஆட்களை நீங்கள் இறக்கவேண்டும். மாட்டேன் என்றாலும் உங்களைக் கேட்க ஒருவரும் இல்லை.

லூர்த்தம்மாவிடம் சொல்லிவிட்டேன், முடிவை இனி வேறு ஆள்தான் எழுதும் என்று. அவள் முகம் வாடவில்லை. வாடியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"வாறவருக்கு என்னைத் தெரியுமோ ஐயா?"

"இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தவர்."

"அப்ப சரி," என்று அவள் உங்கள் பக்கம் திரும்பினாள்.