ஒன்பதுக்கு மேல் கொள்ளாத வீடு

பொகவந்தலாவைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் வீட்டு ஆள்கணக்குப் பார்த்துத்தான் மாவு கொடுப்பார்கள். எண்பத்தாறாம் வருசம் அந்தக் கணக்கைக் கொழும்பு ஆபீசுக்குப் புதிதாக வந்த கம்பியூட்டரில் ஏற்றினார்கள். அதிலிருந்து வந்த முதல் சீட்டில் வேலாயி வீட்டுக்கு ஒன்பது பேர் என்று இருந்தது. வீட்டில் இருந்ததோ பதினொரு பேர்.

இளைய மருமகள் பூரணி அந்த எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பூண்டுலோயாவிலிருந்து அவள் மருமகளாக வருவதற்கு முன்னால் அங்கே ஒன்பது பேர்தான். கூடிய இரண்டு பேர் அவளும் கைப்பிள்ளையும். அவர்களைப் பதியச் சொல்லித் தோட்டத்து ஆபீசுக்குப் போய்வந்தது மாமியார் வேலாயி.

"அத்தை உண்மையாவே பேரு குடுத்தாங்களா?" என்று புருசனைக் கேட்டாள்.

"ஆத்தா எதுக்குப் பொய் சொல்லுது?" என்றான் சோலைமலை. முகம் பார்க்காமல் சொன்னதால் அவன் மேலும் சந்தேகம் வந்தது.

மாமியாரும் மூத்த மருமகளும் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் குடத்தை வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால், தன்னைப் பற்றித்தான் என்று தோன்றியது. பிள்ளையை வேலாயி தூக்கிக் கொஞ்சினாலும், 'வெளியே கொஞ்சுவதும் உள்ளே வெட்டிவிடுவதுமா?' என்று மனம் கேட்டது.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் அவள் யாரிடமும் சொல்லாமல் ஆபீசுக்கு நடந்தாள். பாதி வழியில் திரும்பிப் பார்த்தால் பின்னால் வேலாயி.

"நீ எங்க போறேன்னு எனக்குத் தெரியும். நட, நானும் வாரேன்."

பூரணி விசயத்தைச் சொன்னதும் கிளாக்கர் மரியநாயகம் இருவரையும் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"ஒங்க மாமியா ரெண்டு பேரையும் பதிஞ்சிட்டாங்க புள்ள. நாந்தான் பதினொன்னுன்னு எழுதி அனுப்புனேன். அந்த மிசின்ல ஆள்கணக்குக்கு ஒரே ஒரு எலக்கத்துக்குத்தான் எடம் வச்சிருக்காங்க. ஒம்பதுக்கு மேல அதுக்கு ஏறாது, பதினொன்னு குடுத்தாலும் ஒம்பதுன்னே நிக்கும்."

பூரணிக்கு நம்பிக்கை வரவில்லை. "எங்க ரெண்டு பேரையும் மட்டும் எப்பிடிங்க தள்ளுச்சு?"

"யாரையும் தள்ளல. அதுக்குப் பேரே தெரியாது. எண்ணிக்கை மட்டுந்தான்."

"சட்டி வாங்குறப்பவே நாலு விருந்தாளி வந்தாலும் பத்துமான்னு பாத்துத்தானேய்யா வாங்குறோம்?" என்றாள் வேலாயி. "இத செஞ்சவனுக்கு அது தோணலயா?"

"அதுல எடம் கொறைவும்மா. முக்காவாசி வீட்டுல அஞ்சாறு பேருதான். அவங்க செஞ்சதும் ஒரு வகையில நியாயந்தான்."

"எடம் பத்தலேன்னா பத்தலேன்னு சொல்லணும்ல?" பூரணியின் குரல் உயர்ந்தது. "கமுக்கமா ஒம்பதுன்னு போட்டா, வீட்டுல ஒருத்தர ஒருத்தர் என்னான்னு நெனைக்கிறது?"

மரியநாயகம் பேனாவை மூடினார். பிறகு, "ஒரு வழி இருக்கு. சோலைமலை, நீ, புள்ள மூணு பேரையும் தனிக் குடும்பமாக் காட்டிருவோம். எட்டும் மூணும். பதினொரு பேருக்கும் மாவு வரும்" என்றார்.

வேலாயி மருமகளை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஓகோ. இதுக்குத்தான் யாருக்கும் சொல்லாம வந்தியா?"

"ஐயோ, இல்லீங்க அத்தை! இப்பிடி ஒன்னு இருக்குன்னே எனக்குத் தெரியாது!"

திரும்பி வரும்போது வேலாயி முன்னால் நடந்தாள்.

மரியநாயகம் இரண்டு குடும்பமாக எழுதி அனுப்பியதால் அடுத்த மாதம் மாவு குறையாமல் வந்தது. அன்றே வேலாயி லயத்தில் அவர்கள் இருந்த காம்பரா அறையின் மறுமூலையில் மூன்று கல்லை வைத்துக் களிமண் பூசினாள்.

"ஆபீசுல ரெண்டு குடும்பம்னு ஆயிருச்சு. அப்ப அடுப்பும் ரெண்டு."

பூரணி அழுதாள். சோலைமலை இரண்டு பக்கமும் கெஞ்சிப் பார்த்தான். வேலாயி மசியவில்லை, மருமகள் திட்டம் போட்டுத்தான் செய்தாள் என்று லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்தாள்.

புது அடுப்பில் முதல்முதலாகக் குழம்பு கூட்டியபோது பூரணி தன் அம்மா வீட்டு வழக்கப்படி காரத்தைத் தூக்கலாகப் போட்டாள். யாரும் ஏனென்று கேட்கவில்லை. மனசு லேசாவது தெரிந்தது. அவளுக்கே அது பயமாக இருந்தது. எதிர்மூலையில் இருந்து வேலாயி பார்ப்பதை உணர்ந்து, முகம் தெரியாதபடி சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து அடுப்பை ஊதினாள்.