விடியும்வரை வாசல் தாண்டாதே

2024 ஏப்ரல் 22, திங்கட்கிழமை மாலை, வில்லியனூரை அடுத்த ஒதியம்பட்டில் ஆறு வீடுகளின் நிலைக்கால்களில் ஆட்டு ரத்தம் பூசப்பட்டது.

ஆறும் சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் காக்கும் ஒரே கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர்களின் வீடுகள். மோசே கொடுத்த சட்டத்தை எழுத்துப் பிசகாமல் காக்க வேண்டும் என்பது பாஸ்டர் எழிலரசனின் போதனை. அன்றைய பஸ்கா பண்டிகை இரவில் சாவின் தூதன் தெருவில் இறங்குவான், ரத்தம் பூசாத வீட்டின் தலைச்சன் பிள்ளையை எடுத்துக்கொள்வான், விடியும்வரை யாரும் வாசலைத் தாண்டக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். செல்வகுமாரியின் தலைச்சன் ஏனோக்குக்கு ஒன்பது வயது. நாலைந்து நாளாகக் காய்ச்சல்.

மதியம் மாலிக்கின் கறிக்கடையில் அவள் தூக்குவாளியை நீட்டினாள்.

"ரத்தமா? பொரியலுக்காக்கா?"

"இல்லப்பா. கதவுக்கு."

"கதவு எப்பக்கா கறி துன்ன ஆரம்பிச்சுது?"

அவள் வாளியை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

வேதத்தில் சொன்ன ஈசோப்புச் செடி ஊரில் இல்லாததால் வேப்பங்கொத்தால் பூசினாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் உடம்பில் சூடு இறங்கியது. "பாத்தியா?" என்றான் கணவன் ராஜ்மோகன்.

மாடி அறையில் வாடகைக்கு இருந்தவள் தாமார். ஹைஃபாவிலிருந்து வந்த யூதப் பெண். வந்த மூன்று வருடத்தில் தெருத் தமிழைப் பிடித்துக்கொண்டாள். ஓய்வுநாளிலும் பண்டிகையிலும் சுவிட்சைத் தொடமாட்டாள், போனை எடுக்கமாட்டாள் என்பதால் சபையில் அவள்மேல் தனி மரியாதை இருந்தது. பொழுது சாயும்போது செல்வகுமாரி உள்படி ஏறிப் போனாள். தாமாரின் கதவில் ஒன்றுமே இல்லை. மேசையில் ஒரு தட்டு, அதில் சுட்ட எலும்புத் துண்டு.

"ரத்தம் எங்க?"

"அது எங்க ஜனம் எகிப்துல அடிமையா இருந்தப்ப ஒரே ஒரு ராத்திரி, குமாரி. அப்புறம் எருசலேம் கோயில்ல ஆடு வெட்டினாங்க. கோயில இடிச்சதும் அதுவும் நின்னுபோச்சு. ஆட்டுக்குப் பதிலா இந்த எலும்பு. பலிக்குப் பதிலா ஜெபம்."

"கடவுள் மாத்தச் சொன்னாரா?"

"படிச்சவங்க உக்காந்து சண்ட போட்டாங்க. போட்டுப் போட்டு, இனிமே இப்படித்தான்னு முடிவு பண்ணாங்க. சண்ட இன்னும் முடியல."

சட்டத்தைப் பெற்றவர்களே மாற்றிக்கொண்டார்கள் என்றால் பிள்ளைக்குக் காவல் எது?

கீழே ராஜ்மோகன் அலறினான். ஏனோக் வாந்தி எடுத்திருந்தான். ஈறில் ரத்தம் கசிந்தது. கையும் காலும் ஜில்லிட்டிருந்தன.

ராஜ்மோகன் பாஸ்டரைக் கூப்பிட்டான். "காய்ச்சல்தான் எறங்கிடுச்சே, தம்பி. வாசலத் தாண்டினா அப்புறம் நான் பொறுப்பில்ல." அவன் போனைப் பிடித்தபடியே நின்றான்.

செல்வகுமாரியின் பின்னாலேயே இறங்கி வந்த தாமார் பையனின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். போனைப் பிடுங்கி 108-ஐ அழுத்தினாள்.

"ஐயோ, பண்டிக ஆரம்பிச்சிடுச்சே! நீ தொடக் கூடாதே!" என்றாள் செல்வகுமாரி.

"உசுருன்னு வந்தா ஓய்வுநாளயும் உடைக்கணும். உடைக்கலாம் இல்ல, உடைக்கணும். அதுவும் அந்தச் சண்டயில வந்த சட்டந்தான்."

"வெளிய தூதன் இருந்தா?"

"இருந்தா நானும் கூட வரேன். எங்க வூட்டுக்கு நான்தான் தலைச்சன்."

ஆம்புலன்ஸ் வந்தது. நிலைக்காலில் ரத்தம் கருத்து, ஈ மொய்த்தது. செல்வகுமாரி வாசல்படிவரை வந்து நின்றுவிட்டாள். பிள்ளையின் தலையை முந்தானையால் மூடி, மூச்சை அடக்கிக்கொண்டு தாண்டினாள்.

வண்டியில் அவள் கண்ணைத் திறக்கவில்லை. விரலைப் பிள்ளையின் மூக்கருகே வைத்திருந்தாள். வண்டி நின்ற இடத்திலெல்லாம் யாரோ கதவைத் திறக்கப்போவதாக நினைத்துப் பிள்ளையை இறுக அணைத்தாள். எதிரே தாமார் தன் மொழியில் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவளும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெங்கு, காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆபத்து என்றார்கள். ஏனோக் அடுத்த திங்கட்கிழமை வீடு திரும்பினான். அதற்கு முந்தைய ஓய்வுநாளில், செல்வகுமாரியின் குடும்பம் சபையிலிருந்து நீக்கப்பட்டதாகப் பாஸ்டர் அறிவித்திருந்தார்.