இலையின் நீலப் பூச்சு

ஹட்டனில் தட்டச்சு இயந்திரம் வைத்திருந்த வீரய்யா, ஆயுளில் மனுக்களைத் தவிர வேறெதையும் அடித்ததில்லை. பிரஜாவுரிமை கேட்டு மனு, லயத்து வீட்டுக் கூரை ஒழுகுகிறதென்று மனு, மனுவுக்குப் பதில் வரவில்லையென்று இன்னொரு மனு. ஆகவே தோட்டத்துக் கண்டாக்கு இக்னேசியஸ் தன் ஆராய்ச்சிக் கட்டுரையைக் கொண்டுபோய் மேசையில் வைத்தபோது, அதையும் ஒரு மனுவாகவே இங்கிலீஷில் அடித்துத் தள்ளிவிட்டார். 'சமூகத்துக்குத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது' என்று ஆரம்பித்து, தேயிலை இலையில் கொப்புளம் விழும் விதத்தைச் சொல்லி, 'கருணை கூர்ந்து ஆவன செய்ய வேண்டுகிறேன்' என்று முடிந்திருந்தது கட்டுரை.

“கொப்புளம் செடிக்கு வீரய்யா, எனக்கில்ல. நான் எதுக்குக் கெஞ்சணும்?”

“அச்சுப் போடுறவனும் ஆபீசர்தானுங்களே, கண்டாக்கையா? குனிஞ்சு குடுத்தா நிமுந்து வாங்கலாம்.”

இக்னேசியஸ் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. “திரும்ப அடிங்க,” என்றார்.

நெடுநேரம் மடக்கி உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும். அவருக்கு ஆளே மரத்துப்போயிருந்தது. கொத்மலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கண்டாக்கு வேலை. தொரைக்குக் கீழே, தொழிலாளிக்கு மேலே; மேலேயிருந்து வருகிற ஏச்சைச் சிந்தாமல் கீழே இறக்குகிற உத்தியோகம். மூடுபனியில் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அந்தக் குரல் தன்னுடையதுதானா என்பதே அவருக்கு நிச்சயமில்லாமல் போயிற்று. சந்தோஷமோ துக்கமோ தேடி வந்தாலும், வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, ஆளில்லை என்று திரும்பிப் போய்விடும்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு வழி. தோட்டம் பார்க்க வந்த தேயிலை ஆராய்ச்சி அதிகாரி ஒருவர், கொழும்பில் வெளியாகும் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்துவிட்டால் தங்களிடம் உதவியாளர் இடம் ஒன்று உண்டு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இக்னேசியஸ் அதைப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி சிசிலி பிடித்த பிடி அதைவிடப் பெரிது. ஹட்டன் கடைத்தெருவில் மளிகைக்காரர் மகள். வராத சரக்குக்கும் இடம் ஒதுக்கிவைக்கிற வம்சம். ஆராய்ச்சிக்காரர்களின் குவார்ட்டர்சில் கோழி வளர்க்க விடமாட்டார்கள் என்று யாரோ சொல்ல, கோழிகளையெல்லாம் அடுத்த வீட்டுச் சுகிர்தத்துக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்த கையோடு, கண்ணாடி ஜன்னலைப் பற்றியும் மின்சார விளக்கைப் பற்றியும் அவளிடம் பேசிவிட்டு வந்தாள்.

கட்டுரையின் சங்கதி இதுதான். அந்த வருஷங்களில் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்து மலைமலையாகக் கொழுந்தைத் தின்றது. செம்பு கலந்த மருந்தை ஆட்கள் முதுகில் சுமந்து அடித்தால்தான் தப்பும். மருந்து என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமானால், மருந்து படாத செடியும் கொஞ்சம் வேண்டுமல்லவா? அதற்காக இக்னேசியஸ் ஓடையோரம் ஒரு துண்டை அடிக்காமல் விட்டுவைக்கச் சொன்னார். ஒதுக்குப்புறம். செடிகளுக்கு நடுவே, கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவர்கள் கத்தியை வைத்துக் கும்பிடுகிற கவ்வாத்துச்சாமி கல் ஒன்று உண்டு, வேறெதுவும் இல்லை.

நியாயப்படி அந்தத் துண்டு அழுகியிருக்க வேண்டும். ஓடைக்கு அந்தப் பக்கம், மருந்தடிக்காத அடுத்த தோட்டத்துச் செடிகள் கருகிக் கிடக்க, இது மட்டும் புதுமாப்பிள்ளை மாதிரி நின்றது. அடுத்த மழைக்காலத்திலும் அப்படியே. மருந்தில்லாமல் நோயைத் தாங்குகிற செடி! சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு இலை இலையாகப் பார்த்தார். அடையாளம்கூட ஒன்று கிடைத்தது. இலைகளின் மேல் மெல்லிய நீலப் பூச்சு. அந்தச் செடியின் ஜாதிக் குணம் என்று அதையும் எழுதிக்கொண்டார்.

வீரய்யா மனு வாசம் போக்கி அடித்துக் கொடுத்த பிரதிகளை இக்னேசியஸ் ஹட்டன் தபால் கந்தோரில் சேர்த்தார். சேர்த்துவிட்டு, மனசு குறுகுறுக்கிறதா என்று கொஞ்சம் நின்று பார்த்தார். ஒன்றுமில்லை. பஸ் ஏறினார்.

பதில் வந்தது. கட்டுரை நன்று, போடலாம். அந்தச் செடிகளில் கிளை வெட்டி நட்டு மலைநாடு முழுக்கப் பரப்ப ஆராய்ச்சிக்காரர்களும் ஆசையாயிருக்கிறார்கள். இதழாசிரியருக்கு இரண்டே ஐயம். நீலப் பூச்சு எதனால்? அந்தத் துண்டில் மருந்து அறவே படவில்லை என்பதைக் கட்டுரையாளர் ஒரு வாக்கியத்தில் உறுதி செய்ய முடியுமா?

ஒரு வாக்கியம்தானே, உட்கார்ந்த இடத்திலேயே எழுதியிருக்கலாம். ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுவோம் என்று, மருந்தடிக்கிற கூட்டத்துக் கங்காணி ஆண்டியப்பனை ஓடையோரம் கூப்பிட்டார்.

“கங்காணி, இந்தத் துண்டுக்கு நம்ம ஆளுங்க மருந்து அடிக்கலையே?”

ஆண்டியப்பன் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். “நீங்க வேணாம்னு சொன்னப்புறம் வேலைன்னு இங்க யாரு வருவாங்க? சாமிக்குப் படைக்கிறது மட்டுந்தாங்கய்யா.”

“என்னத்தப் படைக்கிறது?”

“அந்தியில மிஞ்சுற மருந்துங்க. ராவைக்கு வச்சா கெட்டுப்போகும். ஓடையில கொட்டினா தொரை ஏசுவாரு. சாமி செடிக்கெல்லாம் அடிச்சுட்டு, கல்லுக்கும் ஒரு கை ஊத்திட்டுப் போயிருவோம்.” இக்னேசியசின் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னார்: “மலை முழுக்க வைத்தியம் பாத்துட்டு, சாமி நிக்கிற எடத்தை மட்டும் நோயில விட்டா, கவ்வாத்துக் கத்தி எங்க காலப் பதம் பாக்குமா பாக்காதாங்க?”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க வேதக்காரங்க. படையல் கிடையல்னு வந்து நின்னா நல்லாவா இருக்கும்? ஒங்க மனசு நோகக்கூடாதேன்னுதான்.”

இக்னேசியஸ் ஓர் இலையைப் பறித்துக் கட்டைவிரலால் தேய்த்தார். ஜாதிக் குணம் விரலோடு வந்துவிட்டது. கல்லும் நீலமாகத்தான் இருந்தது. செம்பு மருந்தின் நிறம் அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆசைப்பட்டு வாங்குகிறவன் கண்ணுக்குத் துணியிலுள்ள ஓட்டை தெரிவதில்லை. அதனால்தான் ஜவுளிக்கடைகள் நடக்கின்றன.

கோபம் வருமென்று காத்திருந்தார். வரவில்லை. விரலைக் கோட்டில் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

சிசிலி கேட்டுவிட்டு முதலில் சிரித்தாள். “அப்ப, ஆராய்ச்சி பண்ணினது கவ்வாத்துச்சாமி. பேரு போட்டுக்கிட்டது நீங்க.” பிறகு சிரிப்பை மடித்து வைத்துவிட்டுப் பேரத்துக்கு வந்தாள். “இப்ப என்ன கெட்டுப்போச்சு? 'மருந்து அடிக்க நான் உத்தரவு குடுக்கல'ன்னு எழுதுங்க. அதுல ஒரு எழுத்து பொய்யா?”

“நீலம்?”

“மண்ணு வாகுன்னு எழுதுங்க. மண்ணு வந்து சாட்சி சொல்லப்போகுதாக்கும்!”

“ஒங்கப்பா கடையில கல்லு கலந்த அரிசியை வித்தா என்னாகும், சிசிலி?”

“வித்தா வித்ததுதான். வாசலைத் தாண்டின சரக்குக்கு யாரு பொறுப்பு?”

“ஊர் பூரா அதையே வித்தா? எல்லாத் தோட்டத்துலயும் இந்தக் கிளையை நடுவாங்க. நோய் தாங்கும்னு நம்பி மருந்தில்லாம விடுவாங்க. அத்தனையும் கருகும்.”

பொய்க்குச் சிசிலி அஞ்சுகிறவளில்லை. ஆனால் திரும்பி வருகிற மூட்டைக்கு அஞ்சுகிற வம்சம்.

“எல்லாம் நம்ம வாசலுக்குத்தான் வரும்,” என்றாள். “மூட்டை மேல ஒங்க பேரு வேற இருக்கு.” பிறகு, “அந்தச் சுகிர்தத்துக்கிட்ட எந்த மூஞ்சியோட கோழியைக் கேப்பேன்?” என்றாள்.

இக்னேசியஸ் தாளை எடுத்து, அந்தத் துண்டில் அந்திதோறும் செம்பு மருந்து விழுந்திருக்கிறது, நீலம் அதன் கறை, கட்டுரையைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதினார். வேறு யாருக்கோ எழுதிக் கொடுப்பதுபோல இருந்தது.

மறுநாள் வீரய்யா அதை அடித்துக் கொடுத்தார். பழக்கம் விடுமா? கடைசியில் 'கருணை கூர்ந்து ஆவன செய்ய வேண்டுகிறேன்' என்று தானாகவே வந்து விழுந்திருந்தது. வீரய்யா நாக்கைக் கடித்துக்கொண்டு வேறு தாள் எடுக்கப்போனார்.

“இருக்கட்டும்,” என்றார் இக்னேசியஸ்.

கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு, பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடையோரமாக நடந்தார். வேலை முடிந்து வந்த மருந்துக் கூட்டம், கண்டாக்கையா கல்லுக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துத் தயங்கிற்று. ஆண்டியப்பன் மட்டும் முன்னால் வந்தார்.

“இன்னைக்கு வேணாங்களா?”

“மிச்சமிருக்கா?”

“கொஞ்சம் கெடக்குதுங்க.”

“அடி.”

ஆண்டியப்பன் அடித்தார். காற்று திரும்பி, மருந்துத் தூறல் இக்னேசியசின் முகத்தில் வந்து படிந்தது. அவர் துடைக்கவில்லை. குளிர்ந்துதான் இருந்திருக்க வேண்டும்.