ராஜ்யம் என்ற இடத்தில்

ஆனந்தபாய்க்குக் கிடைக்க வேண்டிய கல்லூரி இடத்தைக் கெடுத்தது திருவனந்தபுரத்தில் இருந்த யாரும் அல்ல. பெற்ற தகப்பன் நேசையன் வாத்தியார்தான். அதுவும் ஒரே ஒரு பேனாக் கோட்டால்.

ஐம்பத்தைந்தாம் வருஷம், ஜூன் மாதம். பாறசாலைப் பக்கம் எங்கே போனாலும் தமிழ்த் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னையோடு சேரும் பேச்சுதான். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்த நேசையன் அதற்கான போராட்டத்தில் இரண்டு தடவை ஜெயிலுக்குப் போய் வந்தவர். எழுதுகிற கடிதத்துக்கெல்லாம் உறையின் பின்னால் ‘பாறசாலை, சென்னை ராஜ்யம்’ என்றுதான் போடுவார். தபால்காரர் பொன்னையன் சிரித்துச் சிரித்துச் சலித்தே போனார். மனைவி காலமான பிறகு வாத்தியாருக்கு இருந்தவை இரண்டே இரண்டு: மகள், எல்லை. இதில் எது முதலில் என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. மகளுக்கும்தான்.

அவள் இன்டர்மீடியட்டில் முதல் வகுப்பு. கண்ணாடிப் பட்டகத்தின் வழியே வெளிச்சம் ஏழு நிறமாகச் சுவரில் விழுந்ததைப் பார்த்த அன்று சோறே இறங்கவில்லை அவளுக்கு. படித்தால் பௌதிகம்தான். மகளை விடுதியில் விட அப்பாவுக்கு மனசில்லை. பஸ்ஸில் போய் வரலாம் என்றால் திருவனந்தபுரம்தான். விண்ணப்பத்தை முத்து முத்தாக நிரப்பிக் கையெழுத்துக்கு நீட்டினாள்.

ராஜ்யம் என்ற இடத்தில் அவர் விரல் நின்றது.

“திருவிதாங்கூர்-கொச்சியா? நமக்க ராஜ்யம் இதாக்கும்னு ஆரு சொன்னா?”

“இப்ப அதுதானே அப்பா?”

“இன்னும் நாலு மாசம், மக்களே. பெறவு நாம சென்னையாக்கும். அப்பம் நீ பொய் எளுதினதா ஆவாதா?”

எழுதியிருந்ததைக் கோடு போட்டு அடித்தார். மேலே ‘சென்னை ராஜ்யம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேறு விண்ணப்பம் வாங்கி நிரப்ப நாள் இருந்தது. ஆனால் அப்பாவின் கையெழுத்தைக் கள்ளமாய்ப் போட அவளால் முடியவில்லை. அப்படியே தபாலில் சேர்த்தாள்.

பதினைந்தாம் நாள் அது திரும்பி வந்தது. சிவப்பு மையில் ஒரு வரி: வெளி ராஜ்யத்தாருக்கு இந்த வருஷம் இடமில்லை.

“பாத்தியா, நாம வெளி ராஜ்யம்னு அவனுவளே ஒத்துக்கிட்டானுவ!” என்றார் நேசையன். என்ன மனுஷரோ! அவள் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

கூடப் படித்த தங்கபாய் களியக்காவிளைக்காரி. அவள் அப்பா ஈசாக்கும் நேசையனோடு ஒரே மேடையில் தொண்டை கிழியப் பேசியவர்தான். ஆனால் மகளுடைய விண்ணப்பத்தில் அவர் கை வைக்கவில்லை. தினமும் காலையில் பாறசாலை வழியாகப் போகிற பஸ்ஸில் தங்கபாய் இருப்பாள். ஆனந்தபாய் ரோட்டோரம் போய் நிற்பாள். “லேபில எனக்குத் தனியா ஒரு மேசை உண்டு, கேட்டியா!” என்று ஒருநாள் ஜன்னல் வழியாகக் கத்தினாள் தங்கபாய். அதற்குப் பிறகு ஆனந்தபாய் ரோட்டுக்குப் போகவில்லை.

அக்டோபரில் ராஜ்ய எல்லைகளைத் திருத்த வைத்த கமிஷனின் அறிக்கை வந்தது. களியக்காவிளை இருக்கும் விளவங்கோடு தாலுகா வரைக்கும் சென்னைக்கு, பாறசாலை இருக்கும் நெய்யாற்றின்கரை இங்கேயே. களியக்காவிளையில் வெடி போட்ட சத்தம் வீட்டுக்குள் கேட்டது. நேசையன் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். தங்கபாய் திருவனந்தபுரத்தில் படித்துக்கொண்டே தமிழ்நாட்டுக்காரி ஆகப்போகிறாள். ஆனந்தபாய்க்கு அதுவும் இல்லை, இதுவும் இல்லை.

களியக்காவிளைப் பக்கத்துத் தோழர்கள் அதன்பின் வீட்டுக்கு வரவில்லை. அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள். அப்பா மேல் நன்றாகக் கோபப்பட வேண்டும் என்று அவள் எவ்வளவோ பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்தால் கோபம் வரமாட்டேன் என்கிறது. கோபப்படக்கூட ஆள் இல்லாமல் போனதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மறு ஜூன் வந்தது. அப்பாவே ஒருநாள் பஸ் ஏறிப் போய் விண்ணப்பம் வாங்கி வந்தார். அவரே நிரப்பினார். பெயர், மதிப்பெண், ஊர். ராஜ்யம் என்ற இடத்தில் பேனா நின்றது.

“அத நான் எளுதுதேன், அப்பா.”

“வேண்டாம்.”

ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்: திருவிதாங்கூர்-கொச்சி. பிறகு காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார்.

“சரியா இருக்கான்னு பாரு.”

“சரியா இருக்கு.”

ஒரு வருஷமாக இந்த ஒரு சொல்லுக்காகத்தான் அழுதாள். இப்போது அதை அடித்துவிட வேண்டும்போல் இருந்தது. அடிக்கவில்லை. உறையில் போட்டு ஒட்டி, பின்பக்கம் முகவரி எழுதுவதற்காக அவரிடமே நீட்டினாள்.

‘பாறசாலை’ என்று எழுதினார். அதோடு நிறுத்திவிட்டுப் பேனாவை மூடினார்.